நான் எடுக்காத நகல்

அந்தப் பெண் கத்தியிருந்தால் நான் பின்னறையை விட்டு எழுந்தே வந்திருக்க மாட்டேன். ஸ்கேன் சென்டரில் தினமும் யாராவது கத்துவார்கள். டோக்கன் தாண்டிப் போய்விட்டது என்பார்கள், காலையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் என்பார்கள். இவள் கவுன்ட்டரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"என் ரிப்போர்ட்ட யாருக்கு குடுத்தீங்க?"

கவுன்ட்டர் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க கையிலதாங்க குடுத்தேன். வேற யாருக்கு குடுக்கப் போறேன்?"

"அப்ப எங்க வூட்டுக்கு போன் பண்ணவன் யாரு?"

அரக்கோணத்திலிருந்து வந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். போன வாரம் இங்கே வயிற்றில் ஸ்கேன் எடுத்திருக்கிறாள். கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டி. பயப்படும்படி ஒன்றுமில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முந்தின நாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடிக்க, மாமியார் எடுத்திருக்கிறார். ஏதோ பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஓர் ஆள், கட்டி எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், ஸ்கேன் எடுத்தது எந்த நாள் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் குழந்தையே பிறக்காது என்றும் சொல்லியிருக்கிறான்.

"என்ன எங்கம்மா வூட்டுக்கு போயிட சொல்லிட்டாங்க," என்றாள். அதற்குள் டாக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

நான் அந்தப் பின்னறையில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு கம்பெனியில் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். பத்து வருடங்களுக்கு மேல் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் போய்வந்தேன். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் வேலையை விட்டுவிட்டு, பாவாவோடு, அதாவது என் அக்காவின் கணவரோடு, சேர்ந்து ஊரிலேயே ஒரு சின்னத் தொழில் தொடங்கினேன். ஒரு பெரிய சர்வர் வாங்கி, ஏசி இருக்கிறதே என்று ஸ்கேன் சென்டரின் பின்னறையில் வைத்தோம். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரே பெட்டி. உள்ளே மூன்று கணினிகள் ஓடின. ஒன்று ஸ்கேன் சென்டருக்கு, ஒன்று ஒரு தனியார் பள்ளிக்கு, ஒன்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஒரு லாட்ஜுக்கு. மூன்றும் தனித்தனி. ஒன்றுக்கு இன்னொன்று பக்கத்தில் இருப்பதே தெரியாது. அப்படிப் பிரித்து வைக்கிற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். வாடிக்கையாளர்களிடம் பாவா அதை வேறு விதமாகச் சொல்வார். "ஒரே வூடு, மூணு போர்ஷனுங்க. ஒருத்தர் கொழம்பு வச்சா இன்னொருத்தருக்கு வாசன கூட வராது."

அந்தப் பெண் வந்தது வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலையிலேயே எனக்கு ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. அந்த மென்பொருளைத் தயாரிப்பவர்கள் எல்லோருக்கும் அனுப்பியது. மூன்றையும் பிரித்து வைக்கிற அந்தச் சுவரில் ஒரு குறை இருக்கிறது, உள்ளே ஓடும் மூன்றில் ஏதாவது ஒன்றைக் கைப்பற்றியவன் அதிலிருந்து வெளியேறி, பெட்டி முழுவதையும் ஆளும் இடத்துக்கு வந்துவிடலாம். அங்கே வந்துவிட்டால் மற்ற இரண்டும் அவன் கையில். திருத்தம் தயாராக இருக்கிறது, உடனே போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: இந்தக் குறையை ஏற்கெனவே யாரோ பயன்படுத்தி வருவதாகத் தெரிகிறது.

திருத்தத்தைப் போட வேண்டுமென்றால் பெட்டியை முழுதாக நிறுத்த வேண்டும். பாவாவிடம் சொன்னேன்.

"இன்னாம்மா, கிருத்திகைய வச்சிகினு நிறுத்துன்றியே. ஊரு பூரா காவடி. லாட்ஜ்ல ரூம் போட்டுகினே இருக்காங்க. டாக்டரும் வுட மாட்டாரு. ஞாயித்துக்கெழம மத்தியானம் சென்டரு லீவு. அப்ப பாத்துக்கலாம்."

எத்தனையோ எச்சரிக்கைகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஓடினால் தொழில் செய்ய முடியாது. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் அந்தக் கடைசி வரி சோற்றில் கல்லைப் போல அவ்வப்போது பல்லில் கடிபட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் அரக்கோணத்துப் பெண்ணை உள்ளே அழைத்துப் போய்ப் பேசி அனுப்பினார். பிறகு கவுன்ட்டருக்கு வந்தார். கவுன்ட்டரில் இருந்தவள் கனகம்மாசத்திரத்துக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நாலு வருடமாக அங்கே இருந்தாள். ரிப்போர்ட்டுகளை அச்செடுத்து, மடித்து, உறையில் போட்டுக் கொடுப்பது அவள்தான்.

"உன்ன தவிர இத வேற யாரும் தொடறதில்ல," என்றார் டாக்டர். நோயாளிகள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "யாருக்கு போட்டோ எடுத்து அனுப்பின? இப்பவே சொல்லிட்டா நல்லது."

"சார், சத்தியமா நான் இல்ல சார்."

"நாளையிலிருந்து வர வேணாம்."

அவள் அழவில்லை. மேசைக்கு அடியிலிருந்து டிபன் பையை எடுத்தாள். போகும்போது பின்னறைக் கதவில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாளோ என்னவோ. அந்த நேரத்தில் என் மனதில் அந்தக் கடைசி வரிதான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எதுவும் உறுதியாகத் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை சீக்கிரமே போய்ப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். வெளியே தெருவில் மஞ்சள் துணி கட்டிய கூட்டம் மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பம்பைச் சத்தம் மூடிய ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தது. பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களின் பெயரையும் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த பெயர்கள். மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் ஒரு பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது கண்ணில் பட்டது. வழக்கமான நிரல் மாதிரியே பெயர் வைத்துக்கொண்டு ஏதோ ஒன்று பதினோரு நாளாக ஓடிக்கொண்டிருந்தது.

பதினோரு நாள். எச்சரிக்கை வருவதற்கும் முன்பே.

பழைய பதிவுகளைத் தோண்டினேன். ஸ்கேன் சென்டரின் கணினியை முழுதாக ஒரு நகல் எடுத்ததாக ஒரு குறிப்பு இருந்தது. அந்தக் கட்டளையைக் கொடுக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். தேதியையும் நேரத்தையும் பார்த்தேன். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் எல்லோரும் மலைமேல் இருந்தோம். அக்காவின் பேத்திக்குக் காதுகுத்து. பாவாவின் மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தபோது, இங்கே பூட்டிய அறைக்குள் யாரோ என் பெயரில் உட்கார்ந்து, நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை எல்லாம் நிதானமாக அள்ளிப் போயிருக்கிறார்கள். அந்த நகல் போன பிறகும் அவன் போகவில்லை. நான் தினமும் வந்து உட்கார்ந்து வேலை பார்த்ததெல்லாம் அவன் பக்கத்தில்தான்.

வெளியுலகத்தோடு இணைக்கும் கேபிளைப் பிடுங்கினேன்; லாட்ஜில் ரூம் கணக்கை இன்று நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு சென்னையில் என்னோடு வேலை பார்த்த தோழிக்குப் போன் செய்தேன். இந்த மாதிரி ஊடுருவல்களை ஆராய்வதுதான் இப்போது அவள் வேலை.

"திருத்தத்தை மட்டும் போட்டுட்டு விட்டுடாதே," என்றாள். "அது அடுத்தவன் வராம தடுக்கும். உள்ளே இருக்கறவனை என்ன பண்ணும்? மொத்தத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து கட்டணும். அழிக்கறதுக்கு முன்னாடி டிஸ்கை அப்படியே ஒரு பிரதி எடுத்து வை. போலீசுக்கு வேணும்."

பாவாவுக்கும் போன் செய்தேன், அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்தினார்.

"யாருக்கும் தெரியாதில்ல?" என்றார்.

"எனக்கு தெரியும் பாவா."

"அது இல்லம்மா. நாளைக்கு நிறுத்தறோம், எல்லாத்தையும் சரி பண்றோம். அதோட முடிஞ்சி போச்சி. இத வெளில சொன்னா ஊர்ல ஒருத்தன் நம்மகிட்ட வருவானா?"

"அந்த பொண்ண வெளில அனுப்பிட்டாரே."

"அது டாக்டரு பண்ணது."

"நான் பாத்துகினு நின்னேன் பாவா."

பாவா கெட்ட மனிதர் இல்லை. பயந்திருந்தார். நானும்தான்.

டாக்டரிடம் நான் தனியாகத்தான் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமையே எச்சரிக்கை வந்தது, தள்ளிப்போட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "எத்தனை பேரோட ரிப்போர்ட்?"

"எல்லாருடையதும் சார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "நாளைக்குள்ள சரி பண்ணுங்க. அப்புறம் பேசிக்கலாம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த அறையில் இருந்தேன். டிஸ்கைப் பிரதியெடுத்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். குறை நீக்கிய புதிய மென்பொருளைப் போட்டு, அவன் வருவதற்கு முன்னால் எடுத்து வைத்திருந்த காப்புகளிலிருந்து ஸ்கேன் சென்டரையும் லாட்ஜையும் திரும்ப எழுப்பினேன். கடவுச்சொல் ஒன்று விடாமல் மாற்றினேன். அவன் நுழைந்த வாசல் பள்ளியின் கணினி. தேர்வு முடிவு பார்க்கிற பக்கம் ஒன்றை எவரோ ஒரு வாத்தியார் பல வருடங்களுக்கு முன் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதன் கடவுச்சொல் பள்ளியின் பெயரேதான். அந்தக் கணினியைத் திரும்பக் கொடுக்க மாட்டேன், புதிதாகச் செய்ய வேண்டும் என்றதும் கரஸ்பான்டென்ட் கோபப்பட்டார்.

"எங்க பசங்க மார்க்க வச்சிகினு அவன் இன்னா பண்ணப் போறான்?"

"மார்க்கு அவனுக்கு வேணாங்க. உள்ள வர வழிதான் வேணும்."

அவருக்கு அது புரியவில்லை. அடுத்த மாதமே வேறு ஆளிடம் போய்விட்டார்.

திங்கட்கிழமை கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கவுன்ட்டர் பெண்ணின் ஊருக்குப் போனேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். கணினி வழியாகத் திருடியிருக்கிறார்கள், உன் மேல் தப்பில்லை என்றேன்.

"ஆங், தெரியும்கா," என்றாள். கீரையை விட்டுத் தலை நிமிரவில்லை. "நான் செய்யலன்னு எனக்கு தெரியாதா?"

அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"திரும்ப வரச் சொல்லி டாக்டரு கூப்புடுவாரு," என்றேன்.

"வர மாட்டேன். அரக்கோணத்துல ஒரு மெடிக்கல் ஷாப்புல கேட்டிருக்கேன். பழைய எடத்த வுட்டு ஏன் நின்னேன்னு கேக்கறாங்க." இப்போதுதான் என்னைப் பார்த்தாள். "வாயால சொன்னா பத்தாதுக்கா. நான் எதுவும் பண்ணலன்னு டாக்டர எழுதி, கையெழுத்து போட்டு, சீல் வச்சி குடுக்கச் சொல்லுங்க. அத்தினி பேரு முன்னாடி சொன்னாரு இல்ல."

அந்தக் கடிதத்தை வாங்க எனக்கு ஆறு நாள் பிடித்தது. அன்று நான் கிளம்பும்போது அவள் கேட்டாள். "அந்த அரக்கோணத்து அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

சொல்லியிருக்கவில்லை. நோயாளிகளிடம் சொல்ல வேண்டும் என்பதை நான் டாக்டரோடு பேசவே இல்லை. திரும்பிப் போய் அதைப் பேசினேன். அவருக்கு விருப்பமில்லை. வக்கீலைக் கேட்டார். கடைசியில் ஒரு பட்டியலைக் கொடுத்து, "நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க," என்றார்.

அரக்கோணத்துப் பெண்ணைத்தான் முதலில் கூப்பிட்டேன். அம்மா வீட்டில் இருந்தாள். முழுவதும் கேட்டாள். "இனிமே யாருன்னா போன் பண்ணா?" என்றாள். எதுவும் சொல்லாமல் துண்டித்துவிடுங்கள், எண்ணை எங்களுக்குக் கொடுங்கள் என்றேன். "எத்தினி நாளைக்கு மேடம் இப்பிடி இருக்கணும்?" எடுத்துப் போன நகலைத் திரும்ப வாங்க முடியாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? தெரியலம்மா என்றேன். பிறகு அவள் கணவர் வந்து அழைத்துப் போனதாகக் கேள்விப்பட்டேன். சரியாகிவிட்டதா என்று கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

பட்டியலில் நாலைந்து பேருக்கு அப்புறம் ஒரு பெரியவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கிட்னியில் கல். ஸ்கேன் சென்டரிலிருந்து பேசுகிறேன், உங்கள் ரிப்போர்ட் வெளியே போயிருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"ஆங், தெரியும்மா," என்றார் சிரித்துக்கொண்டே. "நேத்தே உங்க சென்டர்ல இருந்து ஒருத்தரு பேசினாரே. ரிப்போர்ட்டு வெளிய போயிடுச்சி, பயப்படாதீங்க, எல்லாத்தையும் சரி பண்ணிகினு இருக்கோம்னாரு. ரொம்ப மரியாதையா பேசினாரு. சரி பாக்கறதுக்கு ஆதார் நம்பரு கேட்டாரு, குடுத்துட்டேன்."

எங்கள் பக்கத்திலிருந்து நேற்று யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

அது எங்கள் ஆள் இல்லை, உடனே வங்கிக்குப் போய்க் கணக்கைப் பூட்டச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு என் குரல்தான் சந்தேகமாக இருந்தது. "நீ யாரும்மா?" என்றார். "நீ சென்டருதான்னு எனக்கு எப்பிடி தெரியும்?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பாவா வண்டியை எடுத்துக்கொண்டு அந்த விலாசத்தைத் தேடிப் போனார். பட்டியல் இன்னும் கிட்டத்தட்ட முழுதாக மிச்சம் இருந்தது.