சேர்மன் வேட்பாளருக்குத் தொண்டை கட்டிய வாரம்

என் தோழி கல்லூரித் தேர்தலில் நின்றதற்குக் காரணம் கன்டெய்னர் லாரிகள்.

எங்கள் கல்லூரி திருவொற்றியூரில். அவள் காசிமேட்டிலிருந்து வருவாள், நான் எர்ணாவூரிலிருந்து. எதிரெதிர்த் திசையிலிருந்து வந்தாலும் துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையில் இரண்டு பேரும் தவறாமல் மாட்டிக்கொள்வோம். காலை மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் ஒருநாள் வழக்கம்போல வெளியே நின்றோம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேனிடம் வாதாடினாள்.

"லாரி மறிச்சிகினு நின்னா நாங்க இன்னா பறந்தா வர முடியும்?"

"அத என்னாண்ட ஏன் சொல்ற? நீ இன்னா காலேஜ் சேர்மனா?"

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "ஆயிட்டு வந்து சொல்றேன் இரு" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் வேட்புமனுவோடு வந்து நின்றாள். மாணவர் பேரவைத் தலைவரைத்தான் எங்கள் பக்கம் சேர்மன் என்போம். நிற்பவருக்கு அரியர் இருக்கக் கூடாது, வருகைப் பதிவு குறையக் கூடாது. ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். முன்மொழிந்தது நான். மனுக்களைப் பரிசீலித்த அன்று அவள் வருகை நாள்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். கேட்டுக்கு வெளியே நின்ற நாள்களுக்கெல்லாம் ஆப்சென்ட் போட்டிருந்தார்களே! நூலிழையில் தப்பினாள்.

அவளைத் தவிர ஒரே ஒருவன்தான் போட்டி. கணக்குப் பிரிவு மாணவன். அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்தக் கடை வைத்திருப்பவர். நெடுநெடுவென்று உயரம், எல்லோருக்கும் பிடித்த பையன். இவனை எப்படி எதிர்ப்பது என்று எங்களுக்கே தெரியவில்லை.

பிரச்சாரம் ஒரு வாரம். அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம். வெளியாட்கள் வரக் கூடாது, ஊர்வலம் கூடாது. வகுப்பு வகுப்பாகப் போய், ஆசிரியர் அனுமதித்தால் கொஞ்ச நேரம் பேசலாம். அவள் ஒரு வகுப்பையும் விடவில்லை. மைக் இல்லாமல், மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே, கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி பேசினாள். போஸ்டர் எழுதியே என் விரலெல்லாம் ஸ்கெட்ச் பேனா வண்ணம்.

பிரச்சாரத்தின் கடைசி நாள், கலையரங்கில் எல்லா மாணவர்களின் முன்னும் வேட்பாளர்கள் பேச வேண்டும். அன்று காலை அவள் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். காற்று மட்டும்தான் வந்தது.

"இன்னாடி ஆச்சு?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். கண்ணில் நீர் முட்டியது.

மேடைக்குப் பின்னால் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, போட்டி வேட்பாளன் வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினான். பனங்கற்கண்டும் மிளகும். "எங்க கடைக்குப் பஸ்ல போய் எடுத்துட்டு வந்தேன். வாயில போட்டு அடக்கிக்கோங்க. பேச முடியாத ஆள ஜெயிச்சேன்னா எங்கப்பாவே என்னைய மதிக்க மாட்டாரு."

அவன் பேசிவிட்டு வந்தான், கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கற்கண்டு கரைந்தும் அவளுக்குக் குரல் வரவில்லை. தேர்தல் பொறுப்பாளரான பேராசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ மெதுவாச் சொல்லட்டும். நீ அதை மைக்கில் சொல்லு. அவ சொல்றதை மட்டும்" என்றார் என்னிடம். அதுவரை நான் மேடை ஏறியதே இல்லை.

அவள் என் காதில் கிசுகிசுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, கேட்டதையெல்லாம் அப்படியே ஒப்பித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம்!"

"எல்லாருக்கும் வணக்கம்!"

"மைக்க முழுங்கிடாதடி, தள்ளிப் புடி."

"மைக்க முழுங்கிடாதடி, தள்ளிப் புடி!"

அரங்கம் ஒரு நொடி விழித்தது. பிறகு வெடித்தது.

"அடிப்பாவி, அத ஏன்டி சொன்ன?"

அதையும் சொல்லிவிட்டேன். விசில் பறந்தது. முதல் வரிசைப் பேராசிரியர்கள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பு அடங்கியதும் நிதானமாகச் சொன்னாள், நானும் நிதானமாகவே சொன்னேன்: "லாரி மறிச்ச நாள்ல லேட்டா வர்றவங்கள உள்ள விடச் சொல்லி பிரின்சிபாலாண்ட பேசுவேன். நடக்கலனா, ஏன் நடக்கலன்னு உங்க கிளாஸுக்கே வந்து சொல்லுவேன். வேற ஒண்ணும் இப்ப சொல்ல முடியாது, தொண்ட பேஜாரு பண்ணுது."

அடையாள அட்டையைக் காட்டி, விரலில் மை வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து எல்லோரும் வாக்களித்தோம். மாலையில் எண்ணிக்கை. அவள் தரப்பு முகவராக நான் உட்கார்ந்திருந்தேன். சீட்டில் டிக் மட்டும் போட வேண்டும், வேறு எது எழுதினாலும் செல்லாது. பேராசிரியர் ஒரு சீட்டைப் பிரித்தார். அவள் பெயருக்கு நேரே டிக், பக்கத்தில் "மைக்க முழுங்கிடாதடி" என்று எழுதி ஒரு இதயம்.

"செல்லாது" என்றார்.

அடுத்து இன்னொன்று. அதற்கடுத்து, நான் மைக்கை விழுங்குகிற படமே வரைந்த ஒன்று. செல்லாத ஓட்டுக் குவியல் ஏற ஏற எனக்கு உயிர் போனது. என்னால்தான் தோற்கப் போகிறாள் என்றே முடிவு செய்துவிட்டேன். கடைசிக் கட்டைப் பிரித்து எண்ணி, மறுபடியும் எண்ணி, பேராசிரியர் அவள் பெயரைச் சொன்னபோது நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தேன். வித்தியாசம் கைவிரல்களுக்குள் அடங்கும். முதலில் என்னைத் தூக்கிவிட்டது போட்டி வேட்பாளன்தான்.

கேட் விஷயம் பிரின்சிபாலிடம் போய், பேசிப் பேசி, லாரி மறித்தால் முதல் பீரியட் முடிவதற்குள் உள்ளே விடலாம் என்றானது. ஆனால் அதற்கு அடுத்த மாதம் வரை ஆனது. ஜெயித்த அன்றைக்கு எங்களுக்கு இருந்ததெல்லாம் பைத்தியக்காரச் சந்தோஷம்.

வளாகத்துக்குள் கொண்டாட்டம் கூடாது என்பதால் வெளியே வந்து, பூக்கடையில் பெரிய மாலை வாங்கி அவள் கழுத்தில் போட்டு, அப்படியே ராயபுரம் பஸ்ஸில் ஏறினோம். நான் வீட்டுக்கு எதிர்த்திசையில் போகிறேன் என்பதே தண்டையார்பேட்டை தாண்டித்தான் நினைவுக்கு வந்தது. போட்டி வேட்பாளனும் அதே பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றிருந்தான்.

காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மாலையை மேலும் கீழும் பார்த்தார். "கண்ணாலம் ஷோக்கா முடிஞ்சுதா? மாப்ள எங்கமே?"

அவளுக்கு இன்னும் குரல் திரும்பவில்லை. குறும்பு தாங்காமல் நேராக அவனைக் கை காட்டினாள்.

அவன் பதறிப் போனான். "ஐயோ, நான் இல்லக்கா! நான் தோத்துப் போனவன்!"

"கட்டிக்கினவன் எல்லாம் அப்டித்தான் சொல்றான்" என்றார் அந்த அம்மா. பஸ்ஸே சிரித்தது. கண்டக்டருக்கு விசில் ஊத வரவில்லை. நிறுத்தத்தைத் தாண்டித்தான் பஸ் நின்றது.