வீரையாற்றில் ஓட்டம்: உண்டு

வீரையாற்றின் நடுவே, மருத மரத்துக்கு நேரே, ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடுகள். பதினொரு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் முன்னால் குந்தியிருந்தவர் அபூதாஹிர்.

நிலாவெளிக்கு மேற்கே காட்டில் பிறந்து, மணலுக்குள்ளால் ஊர்ந்து வந்து கடலோரக் களப்பில் விழும் சின்ன ஆறு அது. மாரியில் நுரைத்து ஓடும். கோடையில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் கணுக்கால் அளவுக்கு ஒடுங்கிவிடும். அந்த மெல்லிய ஓட்டம் நிற்காதவரைதான் கீழ்க்கரைக் கிணறுகளில் உப்பு ஏறாது. அபூதாஹிரின் வீடும் கீழ்க்கரையில்தான்.

ஆற்றின் மேல்பக்கம், மேற்கரையில் குழாய்க்கிணறுகள் இறங்கத் தொடங்கிய வருடம், நீர் அலுவலகத்திலிருந்து யுகேந்திரன் என்ற இளம் அதிகாரி வந்து கம்பத்தை நட்டார். சைக்கிளில் மீன் விற்கும் அபூதாஹிருக்கு வெள்ளிக்கிழமை வியாபாரமில்லை. ஆகவே கொப்பியும் ஓர் அடிமட்டமும் அவர் கைக்கு வந்தன. அண்ணன் முறையில் 'நானா' என்று அழைத்து யுகேந்திரன் சொன்னார்:

"ஒவ்வொரு வெள்ளியும் தண்ணி எத்தினை அங்குலம் எண்டு எழுதுங்கோ நானா. கடைசிக் கட்டத்தில ஓட்டம் உண்டு, இல்லை எண்டு இருக்கு. பிழையானதை வெட்டிவிடுங்கோ. குழாய்க்கிணறு ஆத்தை உறிஞ்சுதோ எண்டு நாளைக்கு ஆரும் கேட்டா, இதுதான் சாட்சி."

சாட்சி என்ற சொல் அபூதாஹிரைப் பிடித்துக்கொண்டது. கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியில் வைத்தார். காய்ச்சல் கிடந்த நாளிலும் போனார்.

அவர் மனைவி அசனாவின் தம்பி முனாஸ், மேற்கரையில் தண்ணீர் இறைத்து ஹோட்டல்களுக்குப் பவுசர் லொறியில் கொடுப்பவன். வழியில் கண்டால் பவுசரை நிறுத்துவான்.

"என்ன மச்சான், ஆத்துக்கு நாடி பாத்தாச்சா? உசிர் இரிக்கா?"

"இரிக்கி. நீ விட்டா இரிக்கும்."

நாலாம் வருடம் ஆவணியில் கம்பத்தைச் சுற்றி வெறும் மணல்தான் கிடந்தது. அபூதாஹிர் கொப்பியை மடித்துக் கரையில் வைத்தார். பிறகு ஒரு சிரட்டையால் கம்பத்தடியில் தோண்டினார். ஒரு சாணில் தண்ணீர் கசிந்தது. தெளியும்வரை காத்திருந்து, அடிமட்டத்தை விட்டுப் பார்த்து, நாலு அங்குலம் என்று எழுதினார். 'இல்லை' என்பதை வெட்டினார்.

அவர் மனதில் கள்ளம் இருக்கவில்லை. கோடையில் கீழ்க்கரைச் சனம் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிக்கும். கை எட்டும் ஆழத்தில் தண்ணீர் வந்தால் ஆற்றில் தண்ணீர் இருக்கிறது என்றுதான் சொல்லும். கம்பம் வருவதற்கு முன்பு, மூத்த மகன் நுஸ்கி காய்ச்சலில் போனதும் ஒரு கோடையில். அவன் மையித்தைக் குளிப்பாட்டிய தண்ணீர் அந்த ஊற்றில் அள்ளியது. அந்த ஆற்றைப் பார்த்து இல்லை என்று எழுத அவருக்குக் கை வரவில்லை.

அடுத்த வருடங்களில் சாண் முழமாகியது. முழம் தோள்வரை போனது. எவ்வளவு தோண்டினார் என்பதற்குக் கொப்பியில் கட்டம் இருக்கவில்லை.

போன வருடம் பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். மேற்கரைக்காரர் இன்னும் ஒன்பது குழாய்க்கிணறு கேட்டார்கள். கோடை மாதங்களில் இறைப்பதையே நிறுத்த வேண்டும் என்றது கீழ்க்கரை. இடையில் மாற்றலாகிப் போய்த் திரும்பியிருந்த யுகேந்திரன் அபூதாஹிரின் பத்துக் கொப்பிகளையும் மேசையில் வைத்தார். மேற்கரைக்காக வந்த பொறியியலாளர் அவற்றைப் புரட்டினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு.

"ஆவணி, ஓட்டம் உண்டு. அடுத்த ஆவணி, உண்டு. அதுக்கடுத்ததும் உண்டு. ஒரு கிழமையாவது ஆறு நிண்டதாக இதில இல்லையே?"

அபூதாஹிர் எழும்பினார். "தோண்டித்தான் பாத்தனான் சேர். முதல்ல சாண். இப்ப தோள் மட்டும்."

"அதை எழுதினீங்களா?"

"அதுக்குக் கட்டம் இல்லையே."

மண்டபம் சிரித்தது. முனாஸ் மட்டும் சிரிக்காமல் சொன்னான்: "மச்சான்ட கொப்பி பொய் சொல்லாது. அல்லாஹ்வுக்குப் பயந்த மனிசன்."

எழுதியிருப்பதைத்தான் பார்க்க ஏலும் என்றார் கூட்டத் தலைவர். ஒன்பதுக்கும் அனுமதி கிடைத்தது.

வாசலில் யுகேந்திரன் கொப்பிகளை அணைத்தபடி நின்றார். "எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே நானா?"

"தண்ணி இருந்தது தம்பி. அள்ளிக் குடிச்சனான்."

"ஓம். நானும் ஒருக்கா வந்து பாத்திருக்க வேணும்."

இந்த வருடம் ஆனியிலேயே கிணறு கரித்தது. தேத்தண்ணியில் எத்தனை கரண்டி சீனி போட்டாலும் உப்பு முன்னுக்கு நின்றது. அபூதாஹிர் புதுக் கொப்பி வாங்கி, தோண்டிய ஆழத்துக்கென்று தன் கையால் ஒரு கட்டம் கீறினார்.

"இனி ஆர் கேக்கப்போறாங்க?" என்றாள் அசனா.

"கேக்காட்டி என்ன."

ஆவணி முதல் வெள்ளி. மணலில் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டார். ஈரம் மட்டும் பட்டது. சிரட்டையில் வந்தது கறுத்த மணல். உட்கார்ந்து ஆழத்தை எழுதினார். பேனாவை 'உண்டு' என்ற சொல்லின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். ஜும்ஆவுக்குப் பாங்கு கேட்டபிறகுதான் வெட்டினார்.

தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது குசினி வாசலில் இரண்டு நீலத் தண்ணீர்க் கான்கள் நின்றன.

"தம்பி முனாஸ் இறக்கிட்டுப் போனான்," என்றாள் அசனா, அவர் முகத்தைப் பார்க்காமல். "நான் கேக்கல்ல. அவனாத்தான்."

வெயிலில் நடந்து நாக்கு வறண்டு நின்றவருக்கு அவள் ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு மிடறு குடித்தார். உப்பில்லை. மருத வேரின் இலேசான துவர்ப்பு. சின்ன வயதிலிருந்து அறிந்த ஆற்று ஊற்றின் ருசி.

மிச்சத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. குடித்து முடித்தார்.