மேரியின் அரைக் கிலோ சர்க்கரை

குடும்ப அட்டையில் உள்ளவர் இறந்தால், இறப்புச் சான்றிதழை இணைத்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்பது விதி. அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பிறருக்கு இதை ஓதியவன் நான். ஆனால் என் மனைவி மேரி இறந்த பின்னும், ஐந்து மாதம் அவள் பங்கான அரைக் கிலோ சர்க்கரைக்கும் பையை நீட்டினேன். கல்லறைத் திருநாளன்று அவள் பெயர் பொறித்த கல்லின்முன் மெழுகுவர்த்தி ஏற்றியபோது கை கூசியது. இங்கே இறந்தவள், அம்பத்தூர் ரேஷன் கடையில் மட்டும் உயிரோடு இருந்தாள்.

மறுநாளே பெயரை நீக்க விண்ணப்பித்தேன். அதைச் சொன்னதும் ரேஷன் கடைக்காரர் சிரித்தார்.

"இன்னா நைனா, அவனவன் பேரு சேக்க அலையறான், நீ எடுக்கணும்ன்ற! சும்மா வுடு, யாரு கேக்கப் போறா?"

"ஞாயித்துக்கிழமை நற்கருணைக்குக் கை நீட்டும்போது நானே கேட்பேன்" என்றேன். அன்றே அவள் பங்கை வாங்க மறுத்தேன்.

உணவு வழங்கல் அலுவலகம் விண்ணப்பத்தை இருமுறை திருப்பியது. குடும்பத் தலைவியின் கையொப்பம் இல்லையாம். தலைவி மேரிதான். இறந்தவரிடம் கையொப்பம் பெறும் நடைமுறை எந்தக் கையேட்டிலும் இல்லை என்று எழுதி, மூன்றாம் முறை அனுப்பினேன்.

இப்போது மாதந்தோறும், ரசீதில் அவள் பங்கு சேரவில்லை என்று படித்த பிறகே பையை நீட்டுகிறேன். தேநீரில் சர்க்கரை பாதிதான்.

பெயர் நீக்கப்பட்டதாகப் பதில் வந்தது, மேரியின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி நடந்த அன்று.