அத்தை வீடு தூரமான வருஷம்

செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே அத்தை வீடு. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுக் கொத்துமல்லி கேட்க ஓடி வருவாள் அத்தை. வந்த வேலையை மறந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாள். அங்கே குழம்பு அடிப்பிடிக்கும்.

நான் மூன்றாவது படிக்கும்போது ரோட்டை அகலப்படுத்தி, நடுவில் இடுப்புயரத்துக்குச் சுவர் வைத்தார்கள். வண்டிகள் பறந்தன. எதிர்வீட்டுக்குப் போக, பெட்ரோல் பங்க் வரை நடந்து சுற்றி வரவேண்டும். அத்தை வருவது குறைந்தது, பிறகு நின்றேபோனது.

"உங்க அத்தைக்கு நம்ம வீடு தூரமாயிடுச்சுமா" என்றாள் அம்மா ஒருநாள். சண்டை என்று நான் முடிவுசெய்துவிட்டேன். என்ன சண்டை என்றுதான் பிடிபடவில்லை.

பிள்ளையார் சதுர்த்தியன்று டிபன் பாக்ஸில் கொழுக்கட்டைகளை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். ராசியாக்கிவிட்டுத்தான் திரும்புவது என்று தீர்மானம். பாதி ரோட்டைக் கடந்து சுவரேறிக் குதித்தேன். அடுத்த பாதியில் கிறீச்சென்று ஒரு சத்தம். பைக்கோடு ஒருவன் சரிந்து கிடந்தான். டிபன் பாக்ஸ் உருண்டோடி பஸ் சக்கரத்தில் நசுங்கியது.

"சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டு கத்தினான் அவன். எனக்கு முட்டியில் சிராய்ப்பு மட்டும். அத்தை ஓடிவந்து முதுகில் ஓர் அறை வைத்தாள். உடனே கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப்பக்கம் அம்மா ரோட்டில் காலை வைப்பதும் எடுப்பதுமாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

"கொழந்தைய தனியா அனுப்புவியா? புத்தி இருக்குதா உனக்கு?" என்று அத்தை கத்தினாள்.

"நான் எங்க அனுப்பினேன்? நீங்க வந்துக்கினு இருந்தா அது ஏன் அங்க வருது?"

இடையிடையே லாரியும் பஸ்ஸும் போயின. ஒருவர் சொன்னதில் பாதிதான் மற்றவர் காதில் விழுந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. அதன்பின் இரண்டு வருஷம் அவர்கள் நிஜமாகவே பேசிக்கொள்ளவில்லை.

பங்க் வழியாகச் சுற்றி வந்து அப்பாதான் என்னை அழைத்துப்போனார். நான் ராசியாக்கத்தானே போனேன், சண்டை எப்படி வந்தது என்று எனக்கு ஒரே குழப்பம்.

"யார் மேலப்பா தப்பு? அம்மாவா, அத்தையா?"

அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போகிற வண்டிகளையே பார்த்தபடி நின்றார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ரோட்டில் அப்படி என்ன பார்க்கிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.