கன்மெட்டல் வால்வும் காலைப் போணியும்

தூத்துக்குடியில் கரையேற்றி நிற்கும் எங்கள் பாய்மரப் படகுக்கு, நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வால்வுகளை மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் எளிதில் அரிக்காத, செம்பு கலந்த கன்மெட்டலில்தான் அவை இருக்க வேண்டும். இன்று காலை மதுரையில் ஒரு ஹார்டுவேர் கடை திறந்ததும் நுழைந்தேன்.

"கன்மெட்டல்தான் வேணும்ணே."

"அசல் கன்மெட்டல் தம்பி" என்று கடைக்காரர் ஒன்றை நீட்டினார்.

கேட்காமலே, கையோடு கொண்டுபோயிருந்த அரத்தால் அதன் அடியில் ராவினேன். செம்பு நிறத்தைக் காணோம், மஞ்சள் பல்லிளித்தது.

"இது பித்தளைண்ணே. உப்புத் தண்ணி அரிச்சு ஒடைஞ்சா படகு முங்கிரும்."

"வைகையில முழங்கால் நனையல, இவருக்குப் படகு முங்குதாம்! மொதப் போணி தம்பி, வேணாம்னு போகாதீக."

"போணிக்காக நாலு பேரு கடல்ல முங்க முடியாதுண்ணே" என்று இறங்கிவிட்டேன்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடைக்காரர், "இங்க இன்னும் போணியாகல தம்பி, அப்புறமா வாங்க" என்றார்.

கன்மெட்டல் வைத்திருக்கும், போணியும் ஆகிவிட்ட கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரத்தோடு காத்திருக்கிறேன்.