கடலடி அரண்மனையின் கடைசி ஏடு

மாயாஜாலக் கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி, திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குச்சி அடைக்க அனுப்பிய பிறகும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை. வண்ணாரப்பேட்டைப் பழைய பேப்பர் கடையில்தான் அந்தப் புத்தகம் கிடைத்தது. கடலுக்கடியில் ஓர் அரண்மனை, அங்கே சிறைப்பட்ட ஒரு படகோட்டி, கரையில் காத்திருக்கும் அவன் மனைவி. எத்தனை தடவை படித்தேனோ, கணக்கே இல்லை. ஒரே ஒரு குறை, கடைசி ஏடுகள் கிழிந்து போயிருந்தன. எந்தப் பாவி அதில் கடலை மடித்துக் கொடுத்தானோ!

எங்கள் பிரிவில் இருந்த பெண்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சாப்பாட்டு வேளையில் உரக்கப் படிப்பேன். மணி அடித்த பிறகுதான் நான் சாப்பிட முடியும் என்பதால், ஆளுக்குக் கொஞ்சம் பெட்டி எனக்காக அடைத்துத் தருவார்கள். அப்படி அடைத்துத் தந்தவர்களிடம் போய், முடிவு கிழிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? நானே ஒரு முடிவைக் கட்டிவிட்டேன். பன்னிரண்டு வருஷம் கழித்து, கடல் ராஜா மனம் இரங்கி, படகோட்டியைக் கரையில் கொண்டுவந்து விடுகிறான். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை.

கேட்டவர்களில் ஒருத்தி குப்பத்துக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், அக்கா என்பேன். புருஷன் கட்டுமரத்தில் போய்த் திரும்பாத பிறகுதான் அவள் கம்பெனிக்கு வந்தாள். உடலும் கரை ஒதுங்கவில்லை, மரமும் ஒதுங்கவில்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது, "கடைசி ஏட்ட மட்டும் படிமே" என்பாள். நானும் படிப்பேன். விளையாட்டாகத்தான் நினைத்தேன், அறிவு கெட்டவள்.

அவள் புருஷன் போய் மூன்று வருஷம் ஆனபோது, அவளுடைய அண்ணன் என்னைக் கம்பெனி வாசலில் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, இவளுக்கு ஒரு நல்ல எடம் வந்துகீது. பொண்டாட்டி செத்தவரு, ஆர்பர்ல கப்பல் சரக்கு எறக்குற வேல. தாயில்லாத பொண்ணு ஒண்ணு கீது. இவ இன்னான்னா பன்னண்டு வருசம் கெடு சொல்லிகினு கீறா. புஸ்தகத்துல போட்டுகீதாம். அது சொம்மா கதன்னு நீ ஒரு வார்த்த சொல்லேன்மா."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. நாளை, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன். சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் நான் பொய்க்காரி. அதைவிட, அந்த அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கதை படமாக வந்தது. சுவரில் போஸ்டரைப் பார்த்ததும் உடம்பெல்லாம் புல்லரித்தது. முடிவு என்ன என்று பாட்டுப் புத்தகம் வாங்கிப் புரட்டினால், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருந்தான். படம் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள்: "கடசில அவன் செத்துப்பூட்றான்மே. அழுவாச்சி தாங்கல." எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் சொல்ல வேண்டியதைப் படமே சொல்லிவிடும். எப்பேர்ப்பட்ட கோழை பாருங்கள் நான்! ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு நானே அக்காவை அழைத்துப்போனேன்.

தரை டிக்கெட்டில் உட்கார்ந்தோம். பாதிப் படம்வரை நான் திரையோடு சண்டைதான் போட்டேன். என் மனசில் அந்த அரண்மனை எப்படி ஜொலிக்கும்! இங்கே அட்டையில் மீன் செய்து நூலில் தொங்கவிட்டிருந்தான். பறக்கும் குதிரைக்குக் கயிறு தெரிந்தது. படகோட்டிக்குத் தொப்பை வேறு. ஒவ்வொன்றையும் அக்கா காதில் சொல்லிச் சொல்லி அங்கலாய்த்தேன். அவள் சிரித்தாள்.

முடிவு வந்தது. படகோட்டி கடலடியில் செத்துக் கிடந்தான். மனைவி வெள்ளைச் சேலையில் கரையோடு நடந்து போனாள். கொட்டகை முழுக்க மூக்குச் சிந்தும் சத்தம். கேள்விப்பட்ட முடிவுதான், ஆனாலும் நானும் தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா மட்டும் அழவில்லை.

வெளியே வந்ததும் வெடித்தாள்.

"இன்னாமே இது, இப்டிக் கலீஜ் பண்ணி வெச்சிகீறான்? நீ சொன்னது சரிதான். மீனையே அட்டையில பண்ணவன் கதைய மட்டும் உட்டு வெப்பானா? புஸ்தகத்துல இப்டியா கீது?"

"யக்கா..." என்றேன்.

"நாளிக்கு அத்த எடுத்தாந்து படி. மனசு பேஜாரா கீது."

மறுநாள் எனக்காகப் பொரித்த மீன் கொண்டுவந்திருந்தாள். புத்தகத்தை மடியில் வைத்துப் பிரித்தேன். அவளுக்கு எழுத்து தெரியாது. என் விரல் போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பாள். மிஞ்சியிருந்த கடைசி ஏட்டில் படகோட்டி இன்னும் விலங்கில் கிடக்கிறான். அந்த எழுத்துகள்மேல் விரலை ஓட்டியபடி, கடல் ராஜா மனம் இரங்கினான் என்று படித்தேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

அக்கா நீளமாக மூச்சுவிட்டாள். அன்று எல்லாரையும்விட அவள்தான் எனக்கு அதிகப் பெட்டி அடைத்துத் தந்தாள். அந்த வாரமே அந்த ஆர்பர்க்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர அண்ணனை அனுப்பினாள். இன்னும் ஒன்பது வருஷம்தானே என்றாளாம்.