மகளுக்கு வீடு கொடுக்க மாட்டேன் என்று எழுதியவன்

துண்டுப்பிரசுரம் எழுதுவது கூலியில்லாத தொழில் என்று சொல்கிறவர்கள் அதை ஒருநாளும் செய்து பார்த்தவர்கள் அல்ல. கூலி உண்டு. ஊரார் வாயால் தருவார்கள், மிச்சம் வைக்காமல் தருவார்கள். சந்தியில் நின்று நாட்டு நடப்பை நாலு பேருக்கு விளங்கப்படுத்தப் போய் முகம் கறுத்துத் திரும்பிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்கள் என் இனம். மேலே வாசியுங்கள்.

சாய்ந்தமருதில் முப்பது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உரமானியம், வரி, வட்டி, வெளிநாட்டுக் கடன் என்று எதைக் கேட்டாலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. கேட்காவிட்டாலும் உண்டு. இரண்டு தடவை மறியலுக்கும் போய்க் கம்பி எண்ணி வந்தேன். அதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்காதது சீதன வீட்டைப் பற்றி நான் எழுதியதைத்தான்.

எங்கள் கரையோரத்தில் பெண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணிடம் வந்து சேருகிறான், வருகிறவனுக்கு வீடு தயாராக இருக்க வேண்டும். மூன்று பெண் பெற்றவன் மூன்று வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று பின்சுவரோடு சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கிக்கொண்டு அதில் கிடந்து மௌத்தாகிறான். இந்த அநியாயத்தை எதிர்த்து ‘மாப்பிள்ளைக்கு வீடு எதற்கு?’ என்று ஒரு பிரசுரம் எழுதினேன். கடைசி வரி இது: ‘இதை எழுதுகிறவன் தன் மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை எடுக்க மாட்டான்.’

எனக்கு இருப்பது ஒரே மகள், றிஸ்னா. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. அதே மாதம் அவளுக்கு நிந்தவூரிலிருந்து ஒரு பொருத்தம் வந்தது. பொடியன் அரசாங்க உத்தியோகத்தன். மகளுக்கும் விருப்பம். ஆக, ஒரு பக்கம் நான் அச்சில் கொடுத்த வாக்கு, மறுபக்கம் மகளின் கல்யாணம்.

நாங்கள் குடியிருப்பது என் பெண்சாதி சுபைதாவுக்குக் கிடைத்த சீதன வீட்டில். அதை எனக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. நினைவூட்டாமல் விட்டவரும் இல்லை. அந்த வீட்டுக்குள் மாப்பிள்ளையாகக் காலெடுத்து வைத்த காலத்தில் நான் இன்னும் அரசியல் புத்தகம் வாசிக்கத் தொடங்கியிருக்கவில்லை.

அச்சகத்தில்

எங்கள் பக்கத்து அச்சகங்கள் பிழைப்பது கல்யாணக் கார்ட்டால். என் பிரசுரத்தைப் பெற்றுக்கொண்ட அச்சகக்காரன் நின்றபடியே முழுதும் வாசித்தான். வாசகன் ஒருவன் கிடைத்தானே என்று நானும் சீதனத்தின் வரலாற்றை ஆதியிலிருந்து எடுத்துச் சொன்னேன். நிலம் யாரிடம் குவிகிறது, கூலிக்காரன் எப்படி வீடு கட்டியே முதுகு ஒடிகிறான் என்று எல்லாம் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். நல்ல தாளில் அடிக்கட்டுமா, மலிந்த தாளில் அடிக்கட்டுமா என்று விசாரித்தான். மலிந்த தாள் போதும் என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, அண்ணனைக் கூப்பிடுகிற உரிமையோடு சொன்னான்: “மகள்ற கல்யாணக் காட்டும் இஞ்சதானே அடிப்பீங்க காக்கா? அப்ப நல்ல தாளாப் போட்டு ஒரு பக்கம் இத அடிப்பம், மத்தப் பக்கம் அத அடிப்பம். தாள் மிச்சம்.”

ஜும்ஆவுக்குப் பிறகு

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் கேற்றடியில் நின்று பங்கிட்டேன். மரைக்கார் ஒருவர் விறுவிறு என்று வந்தார். பள்ளி நிர்வாகத்தில் இருக்கிற மனிதர், சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் நெஞ்சை நிமிர்த்தினேன். ஆனால் அவர் என் தோளில் கையைப் போட்டார். “நீங்க எழுதினது மார்க்கத்துக்குச் சரியான கத. பொம்புளைக்கு மஹர் குடுக்க வேண்டியவன் ஆம்புள. பொம்புளைக்கிட்ட ஊடு வாங்கிறது வெக்கம் கெட்ட வேல” என்றார். முப்பது வருடத்தில் பள்ளி நிர்வாகமும் நானும் ஒரு விடயத்தில் ஒத்துப்போனது அன்றுதான். அப்படியானால் குத்பாப் பிரசங்கத்தில் இதைச் சொல்ல வையுங்கள் என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார்: “எனக்கு மூணும் ஆம்புளப் புள்ள. ரெண்டு பேர் கலியாணம் முடிச்சி ஊட்டோட இருக்கானுகள். கடைசிப் பொடியனுக்கும் ஒண்டு சரிவரட்டும், கொஞ்சம் சபூர் செய்ங்க. பொறகு நானே மிம்பர்ல செல்ல வெக்கிறன்.”

தேத்தண்ணிக் கடையில்

சீதனத்தை ஒரு கிழமைக்கு ஒத்திவைத்துவிட்டு வரியைப் பற்றிப் பேசுவோம் என்று தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். பிளேன்டீக் கோப்பையையே உதாரணமாக எடுத்தேன். இதிலுள்ள சீனிக்கு வரி, தேயிலைக்கு வரி, கொதிக்கவைத்த காஸ் சிலிண்டருக்கும் வரி. வயல் வெட்டுகிறவன் குடித்தாலும் வயலுக்குச் சொந்தக்காரப் போடியார் குடித்தாலும் ஒரே வரி. உழைக்கிறவனிடமும் உட்கார்ந்திருக்கிறவனிடமும் ஒரே அளவு பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? கடையே திரும்பிப் பார்த்தது. ரொட்டி போடுகிறவன்கூடக் கையை நிறுத்தினான். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கூட்டம் எனக்கு அமைந்ததில்லை.

முன்மேசையில் இருந்த மீன் வியாபாரி கோப்பையைக் கீழே வைத்தார். கடையின் சார்பில் கேட்பதுபோலக் கேட்டார்: “காக்கா, நீங்க செல்ற எல்லாம் சரி. இப்ப மகளுக்கு ஊட்டக் குடுக்கிறதா, இல்லியா?”

ஆய்வு செய்ய வந்த பிள்ளை

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவி வந்தாள். கரையோர மக்களின் அரசியல், சமூக, பொருளாதார நிலைப்பாடுகளை ஆராய்கிறாளாம். வீடு தேடி வந்து என் கருத்தைக் கேட்ட முதல் மனுஷி அவள்தான், பொலிஸைத் தவிர. பொழுது சாயும் வரைக்கும் சொன்னேன். சுபைதா அவளுக்கு இரண்டு தடவை தேத்தண்ணி கொடுத்தாள், இரண்டாவது தடவை அனுதாபத்தோடு. அந்தப் பிள்ளை எழுதிய கையை உதறிக்கொண்டு, கடைசியாகச் சின்ன விபரம் ஒன்று என்றாள். இருக்கும் வீடு சொந்தமா, வாடகையா?

சொந்தமில்லை என்றேன். வாடகையும் இல்லை என்றேன். அரசாங்க வீடா என்றாள். இல்லை. உள்ளேயிருந்து சுபைதா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளை பேனையை எடுத்துக்கொண்டு மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: “பரவாயில்ல சேர், உங்கள ‘மற்றவை’க்குள்ள போடுறன்.”

அக்கரைப்பற்று பஸ்ஸில்

பக்கத்தில் ஒரு இளைஞன். கட்டாருக்குத் திரும்பிப் போகிறவன், அக்கரைப்பற்றில் இருக்கும் மாமியிடம் பயணம் சொல்லப் போகிறான். பிரசுரம் ஒன்றைக் கொடுத்தேன். இந்த நாடு தேயிலையை ஏற்றுமதி செய்வதுபோல உன்னையும் ஏற்றுமதி செய்கிறது, நீ அனுப்பும் காசு சீமெந்தாகவும் ஓடாகவும் மாறி எவனோ ஒரு மாப்பிள்ளைக்குப் போகிறது என்று விளக்கினேன். நிந்தவூர் தாண்டும்போது அவன் முகம் மாறியது. இரண்டு தங்கச்சிகள். மூத்தவளுக்கு வீடு முடிந்து கல்யாணமும் ஆயிற்று. இளையவளின் வீட்டுக்குச் சுவர் எழும்பியிருக்கிறது, கூரைதான் மிச்சம். அவனுக்கு இன்னும் கல்யாணமில்லை. கட்டார் வெயிலில் நிற்பது அவனுக்கே வெறுத்துப் போயிருந்தது.

எல்லோரும் சேர்ந்து கொடுக்க மாட்டோம் என்று நின்றால் இந்த வழக்கம் ஒரே நாளில் ஒழியும் என்றேன். அவன் பிரசுரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். இறங்கும்போது கேட்டான், கிண்டலே இல்லாமல்: “எல்லாரும் எப்ப மாமா நிப்பாங்க? கூர போடுறத்துக்கு முன்னுக்கெண்டா நான் டிக்கெட்ட மாத்திறன்.”

நான் வாயெடுப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரைதீவுத் தோழர்

மனம் சரியில்லாமல் காரைதீவுக்குப் போனேன். அங்கே தவராசா இருக்கிறார். என் காலத்துத் தோழர். தமிழ், முஸ்லிம் உழைப்பாளிகள் ஒன்றுசேர வேண்டும் என்று நாங்கள் இருவரும் இரண்டு ஊரிலும் எழுதினோம், இரண்டு ஊரிலும் ஏச்சு வாங்கினோம். அவருடைய ஆட்கள் என்னைச் சந்தேகித்தார்கள், என்னுடைய ஆட்கள் அவரை. அந்த அளவில் ஒரு சமநிலையை நாங்கள் உண்டாக்கினோம்.

முன்வாசலில் மருமகனின் மோட்டார் சைக்கிள் நின்றது. “பின்னால வாங்க தோழர்” என்று குரல் வந்தது. கோழிக்கூட்டுப் பக்கமாகச் சுற்றிப் போனேன். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சமையல் குசினியோடு ஒட்டிய பத்திக்குள் கட்டிலும் பழைய பத்திரிகைகளுமாக இருந்தார். அந்தக் கட்டிலில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தோம், வேறு இடம் இல்லை. என் கதை முழுவதையும் கேட்டார். நானும் கொடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று கேட்டேன். அவர் தலைக்கு மேலே முட்டுகிற கூரையைப் பார்த்தபடி சொன்னார்: “நாம ரெண்டு பேரும் இவ்வளவு காலமும் தேடின தமிழ் முஸ்லிம் ஒற்றுமை வேற எங்கயும் இல்ல தோழர், இந்தப் பத்திக்குள்ளதான் கிடக்கு. நீங்களும் வந்து சேருங்க.”

ஒன்றும் கேட்காதவர்கள்

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மாவும் மாமாவும் இன்னும் சில பெண்களும். மாமா கட்டட வேலைக் கொந்தராத்துக்காரர். சுபைதா வட்டிலப்பம் வைத்தாள். நான் பிரசுரத்தை வைத்தேன். மறைத்துப் பெண் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சொத்து எப்படி உண்டானது என்பதில் தொடங்கி என் நிலைப்பாட்டை ஒழுங்காகச் சொல்லி முடித்தேன். றிஸ்னா கதவடியில் நின்று என்னைப் பார்த்த பார்வை, மறியலில்கூட ஒருவரும் என்னைப் பார்க்காத பார்வை.

மாப்பிள்ளையின் உம்மா பதறிவிட்டா. “ஐயோ, நாங்க ஒண்டும் கேட்டு வரல்ல. எங்களுக்குப் புள்ளதான் வேணும்” என்றா. ஒரு பிரசுரம் கடைசியில் வேலை செய்திருக்கிறது. அதற்குள் மாமா எழும்பி அறை அறையாக நடந்து, ஜன்னல் நிலைகளைத் தட்டிப் பார்த்து, பின்கட்டுக்குப் போய் கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஓம், நாங்க ஒண்டும் கேக்கல்ல. இந்த ஊடே போதும்.”

சுபைதா

அவர்கள் போனபிறகு, இந்தக் கல்யாணம் நடக்காது என்று அறிவித்தேன். அச்சில் கொடுத்த வாக்கு, ஊர் முழுக்க வாசித்த வாக்கு. றிஸ்னா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சுபைதா வட்டிலப்பக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். “நீங்க எழுதினதுல ஒரு பிழையும் இல்ல” என்றாள். “நீங்க மகளுக்கு ஊடு குடுக்க மாட்டீங்க. குடுக்கவும் வேணாம். நீங்க குடுக்க ஒங்கள்ட்ட எங்க இரிக்கி? ஊடு என்ட. நான் குடுக்கிறன்.”

அவள் சொன்னது உண்மை. சுனாமியில் கடல் அள்ளிக்கொண்டு போன வீட்டைத் திரும்பக் கட்டியபோது நான் அரசாங்கக் கச்சேரி வாசலில் நிவாரண அநியாயத்தை எதிர்த்து நின்றேன். கட்டியது அவளும் அவளுடைய கூடப்பிறந்த காக்காமாரும். ஆனாலும் நான் விடவில்லை. பெண்ணைப் பெற்றவனை இந்த வழக்கம் பிழிகிறது, பெண்ணைச் சந்தைப் பொருளாக்குகிறது என்று பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தை மனப்பாடமாகச் சொன்னேன். அவள் கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் தடவையாக முழுதும் கேட்டவள்போலத் திரும்பினாள்.

“இஞ்ச பாருங்க. கேக்கிறவன்ட வாய அடைக்க ஒங்களால ஏலுமெண்டா அடைங்க, நானும் வந்து ஒங்களோட நிக்கிறன். ஆனா நீங்க மறியலுக்குப் போன நேரம் நானும் புள்ளையும் ரோட்டுல நிக்கல்ல. ஏன்? ஊடு என்ட பேர்ல. நாளைக்கி அவள்ற மாப்புளயும் நோட்டீஸ் அடிக்கத் தொடங்கினா அவள் எங்க போற?”

தன் பேரில் ஒரு சாண் நிலமும் இல்லாமல், கொடுத்த வாக்கும் பிசகாமல் வாழ்கிற ஒரு மனிதனை இந்தக் கரையோரத்தில் பார்க்க விரும்புகிறவர்கள், றிஸ்னாவின் வீட்டு முன்வாசலில் நிற்கும் மருமகனின் மோட்டார் சைக்கிளைத் தாண்டி, கோழிக்கூட்டுப் பக்கமாகச் சுற்றிப் பின்னால் பத்திக்கு வரவும்.